கூண்டிலிருக்கும் உயிருக்கு நாம் பட்ட கடன்

குற்றம் எதுவும் செய்யாத ஒருவரைச் சிறையில் வைப்பது அறமாகுமா? மனிதரைப் பற்றி இக்கேள்வி எழுந்தால், 'ஆகாது' என்று தயக்கமின்றி விடை கூறுவோம். அதே கேள்வி ஒரு புலியைப் பற்றியோ, ஒரு கரடியைப் பற்றியோ எழுந்தால் நம் விடை அவ்வளவு விரைவாக வருவதில்லை. விடுமுறை நாளில் குடும்பத்துடன் மிருகக்காட்சி சாலைக்குச் செல்கிறோம், குழந்தைகள் மகிழ்கின்றனர், மாலையில் வீடு திரும்புகிறோம். நமக்கு அது ஒரு பகல்பொழுது. கம்பிக்கு அப்பால் இருக்கும் உயிருக்கோ அது ஆயுள் முழுவதும்.

இந்த முரண்பாட்டிற்குப் பொதுவாக இரண்டு சமாதானங்கள் கூறப்படுகின்றன. அழிந்துவரும் விலங்கினங்களை இச்சாலைகள் காப்பாற்றுகின்றன என்பது ஒன்று. மக்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இயற்கையைப் பற்றிய அறிவைத் தருகின்றன என்பது மற்றொன்று. 1998-ஆம் ஆண்டு இந்திய அரசு வெளியிட்ட தேசிய மிருகக்காட்சி சாலைக் கொள்கையும் இவ்விரண்டு நோக்கங்களையே முன்வைக்கிறது. இவை சாக்குப்போக்குகளா, உண்மையான நியாயங்களா? உணர்ச்சிவசப்படாமலும், அதே நேரத்தில் இரக்கத்தைக் கைவிடாமலும் இதனைச் சிந்தித்துப் பார்ப்பது நம் கடமையாகும்.

வைத்திருப்பது வேறு, காப்பது வேறு

அரிய உயிர்களைப் பிடித்து வந்து தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஆசை மனிதனுக்குப் புதிதன்று. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் விலங்குகளையும் பறவைகளையும் ஊன்றிக் கவனிப்பதில் பேரார்வம் கொண்டவர். அவரது காலத்தைச் சேர்ந்த ஓர் ஓவியத்தில் டோடோ என்ற பறவை இடம் பெற்றுள்ளது. அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் தீட்டியதாகக் கருதப்படும் அவ்வோவியம், மொரீஷியஸ் தீவில் மட்டுமே வாழ்ந்த அப்பறவை கடல் கடந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டு முடிவதற்குள் டோடோ இனம் உலகிலிருந்தே மறைந்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை சில எலும்புகளும் சில ஓவியங்களுமே.

அதை வைத்திருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அதன் அழகை ரசித்தார்கள். அதன் உருவத்தை நுணுக்கமாகப் பதிவு செய்தார்கள். ஆனால் அந்த இனம் பிழைத்திருக்க வேண்டும் என்ற பொறுப்பு தங்களுக்கு உண்டு என்ற எண்ணம் அவர்களுக்கு எழவில்லை.

ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து மிருகக்காட்சி சாலையிலும் இதே கதை நிகழ்ந்தது. வானத்தை மறைக்கும் அளவுக்குக் கோடிக்கணக்கில் பறந்து திரிந்த பயணப் புறா இனம், வேட்டையாலும் காடழிப்பாலும் அருகி, இறுதியில் ஒரே ஒரு பெண் புறாவாக எஞ்சியது. மார்த்தா என்று பெயரிடப்பட்ட அப்புறா 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அங்கே இறந்தது. அதற்குக் கூண்டு கிடைத்தது, தானியம் கிடைத்தது, பார்வையாளர்களும் கிடைத்தனர். இறுதியில் துணை இருக்கவில்லை, காடும் கிடைக்கவில்லை.

ஓர் உயிரைத் தன்னிடம் வைத்திருப்பதற்கும் அதன் இனத்தைக் காப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

நூற்றுப்பன்னிரண்டு ஆண்டு இடைவெளி

கல்கத்தாவின் அலிப்பூர் மிருகக்காட்சி சாலை 1876-இல் தொடங்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளராக விளங்கிய ராம்பிரம்ம சன்யால், தம் பொறுப்பிலிருந்த ஒவ்வொரு விலங்கின் உணவையும் பழக்கத்தையும் நோயையும் நாள்தோறும் கவனித்துக் குறித்து வைத்தவர். அக்குறிப்புகளின் பயனாக, சிறைப்பட்ட விலங்குகளைப் பேணும் முறை பற்றி அவர் எழுதிய கையேடு 1892-இல் வெளிவந்தது. அவரது காலத்தில், 1889-ஆம் ஆண்டு, அலிப்பூரில் ஒரு சுமத்ரா காண்டாமிருகம் கன்று ஈன்றது.

காண்டாமிருக இனங்களில் மிகச் சிறியதும், உடலில் ரோமம் அடர்ந்ததுமான இவ்வினம் ஒரு காலத்தில் நம் நாட்டின் வடகிழக்குப் பகுதிகளிலும் வாழ்ந்தது. பின்னர் இங்கிருந்து முற்றிலும் மறைந்தது. மற்ற நாடுகளிலும் காடுகள் சுருங்கின. எஞ்சியவற்றைக் காப்பாற்றும் நோக்கத்துடன் 1984-ஆம் ஆண்டிலிருந்து தென்கிழக்காசியக் காடுகளில் நாற்பது காண்டாமிருகங்கள் பிடிக்கப்பட்டு, மலேசியா, இந்தோனேசியா, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை இறந்துவிட்டன. காட்டில் பலவகைத் தழைகளைத் தின்று வாழும் அவற்றுக்கு உலர்புல்லை முக்கிய உணவாகக் கொடுத்தது போன்ற அறியாமைகளும் அதற்குக் காரணமாயின. காப்பாற்றுவதற்காகவே பிடித்தனர், காப்பாற்றத் தெரியாமல் இழந்தனர்.

மார்த்தா இறந்த அதே சின்சினாட்டியில், இபு என்ற ஆண் காண்டாமிருகமும் சாகும் நிலைக்குச் சென்றது. அதற்கு எது ஏற்ற உணவு என்று கண்டறிந்த பிறகு, அத்தி இனத்து இலைகள் தொலைவிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்பட்டன. அதன் துணையான எமிக்குக் கரு பலமுறை கலைந்தது. ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் பொறுமையுடன் அதன் உடலியல்பை ஆராய்ந்து, தக்க மருந்தளித்தனர். 2001-ஆம் ஆண்டு செப்டம்பரில் எமி ஓர் ஆண் கன்றை ஈன்றது. அலிப்பூருக்குப் பின், 112 ஆண்டுகள் கழித்து, மனிதப் பராமரிப்பில் கருவுற்றுப் பிறந்த முதல் சுமத்ரா காண்டாமிருகம் அதுதான்.

ஆண்டலாஸ் என்ற அக்கன்றை அந்தச் சாலை தன் பெருமைக்காக வைத்துக்கொள்ளவில்லை. 2007-இல் அது சுமத்ராவிலுள்ள வே கம்பாஸ் சரணாலயத்திற்கு அனுப்பப்பட்டது. 2012-இல் அங்கே அது தந்தையாயிற்று. அதன் இளவலான ஹராபானும் 2015-இல் சுமத்ராவுக்கு அனுப்பப்பட்டதும், சின்சினாட்டியில் அவ்வினத்தின் கொட்டில் காலியாயிற்று. ஒரு மிருகக்காட்சி சாலையின் வெற்றி சில சமயங்களில் காலியான கொட்டிலாகவும் இருக்கலாம்!

எனினும் இது முழு வெற்றி என்று மகிழ்வதற்கில்லை. இன்று உலகில் எஞ்சியிருக்கும் சுமத்ரா காண்டாமிருகங்கள் ஐம்பதுக்கும் குறைவு என்றே மதிப்பிடப்படுகிறது. நாற்பது உயிர்களின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு நாம் பெற்றது, ஒரு சிறு நம்பிக்கை மட்டுமே. இக்கணக்கை மறைக்காமல் பார்க்கும் நேர்மை நமக்கு வேண்டும்.

யாரும் பார்க்க வராத பன்றி

இமயமலை அடிவாரத்தின் உயர்ந்த புல்வெளிகளில் வாழ்வது குள்ளக் காட்டுப்பன்றி. பன்றி இனங்களிலேயே மிகச் சிறியது அது. உயரம் ஒரு சாண் அளவைவிடச் சற்று அதிகம். எடை பத்துக் கிலோவுக்கும் குறைவு. அழிந்தே போய்விட்டதாகக் கருதப்பட்ட இவ்வினம், 1971-ஆம் ஆண்டு அஸ்ஸாமில் மீண்டும் கண்டறியப்பட்டது. 1996-இல் மானஸ் தேசியப் பூங்காவிலிருந்து ஆறு பன்றிகள் மட்டும் பிடிக்கப்பட்டு, குவாஹாட்டிக்கு அருகிலுள்ள பசிஷ்டா என்ற இடத்தில் வைத்து வளர்க்கப்பட்டன. ஜெரால்டு டர்ரல் என்ற இயற்கையாளர் ஜெர்சித் தீவில் 1959-இல் தொடங்கிய மிருகக்காட்சி சாலையிலிருந்து வளர்ந்த அறக்கட்டளை, அரசுடனும் உள்ளூர் ஆர்வலர்களுடனும் சேர்ந்து இப்பணியை மேற்கொண்டது.

அங்கே பிறந்த பன்றிகளை நேராகக் காட்டில் விடுவதில்லை. நமேரி தேசியப் பூங்காவுக்கு அருகில், இயற்கையான புல்வெளி போலவே அமைக்கப்பட்ட வேலியிட்ட நிலத்தில் சில மாதங்கள் வைக்கின்றனர். மனிதரின் நடமாட்டம் அங்கே இயன்றவரை குறைக்கப்படுகிறது. தானாக இரை தேடவும், புல்லைச் சேர்த்துக் கூடு அமைக்கவும், மனிதரைக் கண்டு அஞ்சவும் அவை பழக வேண்டும். 2008-ஆம் ஆண்டு சோனாய் ரூபாய் சரணாலயத்தில் பதினாறு பன்றிகள் முதன்முதலாக விடுவிக்கப்பட்டன. பின்னர் ஓராங், பர்நதி, மானஸ் ஆகிய இடங்களிலும் விடுவிப்புத் தொடர்ந்தது. ஆறு பன்றிகளின் வழித்தோன்றல்கள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் காடு சேர்ந்துள்ளன.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்பன்றியின் உடலில் மட்டுமே வாழும் ஒருவகைப் பேன் இருக்கிறது. பன்றி அழிந்தால் அதுவும் அழிந்துவிடும். ஆகவே பன்றியைக் காத்தவர்கள் தாம் அறிந்தோ அறியாமலோ அச்சிறு பேனையும் காத்தனர். எல்லா உயிர்களிலும் உறைவது ஒன்றே என்று வாயளவில் கூறுவது எளிது. ஒரு பேனின் இருப்பும் நம் பொறுப்பில் உள்ளது என்று உணரும்போதுதான் அச்சொல் எவ்வளவு பெரியது என்பது விளங்குகிறது.

மற்றொன்று: புலியைப் பார்க்க வருவது போல் இப்பன்றியைப் பார்க்க மக்கள் கூட்டம் கூட்டமாக வருவதில்லை. அனுமதிச் சீட்டு விற்றுத் தன் உணவுக்கு வழிதேடும் ஆற்றல் அதற்கு இல்லை. காக்கப்பட வேண்டிய உயிரும், மக்கள் காண விரும்பும் உயிரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

கண்ணைக் கவர்வதும் காக்க வேண்டியதும்

வெள்ளைப்புலி இதற்கு நல்ல உதாரணம். 1951-ஆம் ஆண்டு ரேவா சமஸ்தானத்தின் காடுகளில் மோகன் என்ற வெள்ளைப்புலிக் குட்டி பிடிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் காட்சிசாலைகளில் உள்ள வெள்ளைப்புலிகளில் மிகப் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. வெள்ளைப்புலி என்பது தனி இனம் அன்று. நிறத்தில் நேர்ந்த ஒரு மரபணு மாற்றமே. அந்நிறம் தொடர்ந்து கிடைப்பதற்காகத் தந்தைக்கும் மகளுக்கும் இடையிலும், நெருங்கிய உறவுகளுக்குள்ளும் இனப்பெருக்கம் செய்விக்கப்பட்டது. அதன் விளைவாக மாறுகண் முதலிய குறைபாடுகள் தோன்றின. வெள்ளைப்புலிகளைப் பெருக்குவதால் காட்டுப்புலிக்கு எந்த நன்மையும் இல்லை. ஆயினும் அதன் முன்புதான் கூட்டம் நிற்கிறது.

சிங்கத்தின் வரலாறும் ஒரு பாடம். குஜராத்தின் கிர் காட்டில் மட்டும் எஞ்சிய ஆசியச் சிங்கத்தைக் காக்க, 1863-இல் தொடங்கப்பட்ட ஜூனாகட் சக்கர்பாக் காட்சிசாலை நெடுங்காலமாகத் தூய வழிச் சிங்கங்களை வளர்த்து வருகிறது. ஆனால் வேறு சில இடங்களில் ஆசியச் சிங்கங்களும் ஆப்பிரிக்கச் சிங்கங்களும் கலந்துவிட்டன. சண்டிகருக்கு அருகிலுள்ள சத்பீர் காட்சிசாலையில் இவ்வாறு பிறந்த கலப்பினச் சிங்கங்கள் பல நோயுற்று நலிந்தன. அவற்றின் இனப்பெருக்கம் நிறுத்தப்பட்டது. முதுமையடைந்து மடியும்வரை அவற்றைப் பராமரிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. காட்டுக்கும் உதவாமல், இனத்துக்கும் உதவாமல், மனிதனின் கவனக்குறைவால் மட்டுமே பிறந்து மடிந்த உயிர்கள் அவை. 'இனப் பாதுகாப்பு' என்ற நல்ல பெயரைச் சூட்டிவிட்டால் மட்டும் எந்தச் செயலும் நல்லதாகிவிடாது.

ஆறு இல்லாமல் முதலை ஏது?

கரியல் எனப்படும் நீள்மூக்கு முதலை இந்தியத் துணைக்கண்டத்து ஆறுகளுக்கு உரியது. ஆண் முதலையின் மூக்கு நுனியில் சிறு பானை போன்ற புடைப்பு இருப்பதால், பானையைக் குறிக்கும் 'கடா' என்ற இந்திச் சொல்லை ஒட்டி இப்பெயர் ஏற்பட்டது. 1970-களில் காட்டில் எஞ்சியவை இருநூறுக்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டது. 1975-இல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டத்தின்படி ஆற்றங்கரைகளிலிருந்து முட்டைகள் சேகரிக்கப்பட்டு, பொரிக்கப்பட்டு, குஞ்சுகள் சில ஆண்டுகள் வளர்க்கப்பட்டு ஆற்றில் விடப்பட்டன. ஒடிசாவின் நந்தன்கானன் காட்சிசாலைக்கு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்திலிருந்து ஓர் ஆண் முதலை கொண்டுவரப்பட்டது. 1980-இல் அங்கே பிறந்த குஞ்சுகளே, மனிதப் பராமரிப்பில் இவ்வினம் பெருகியதற்கு உலகின் முதல் எடுத்துக்காட்டு.

இவ்வாறு ஆயிரக்கணக்கான குஞ்சுகள் ஆறுகளில் விடப்பட்டன. கணக்குப் புத்தகத்தில் இது பெரும் சாதனை. ஆனால் ஆறு என்னவாயிற்று? அணைகள் நீரைத் தடுத்தன. மணல் அள்ளுவோர் முட்டையிடும் கரைகளைக் குலைத்தனர். மீன்வலைகளில் முதலைகள் சிக்கி மூச்சுத் திணறின. 2007-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்ட கரியல்கள் இறந்து மிதந்தன. மகாநதியில் பல ஆண்டுகளாக நூற்றுக்கணக்கான முதலைகள் விடப்பட்டும் பிழைத்தவை மிகச் சிலவே. 2021-இல்தான், நாற்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட காத்திருப்புக்குப் பிறகு, சத்கோசியாவில் இயற்கையாகப் பொரித்த இருபத்தெட்டுக் குஞ்சுகள் காணப்பட்டன.

விதையைக் களஞ்சியத்தில் பத்திரமாக வைத்துவிட்டு வயலைப் பாழாக்கும் உழவனை நாம் என்னவென்று சொல்வோம்? மிருகக்காட்சி சாலை என்பது விதைக்களஞ்சியம் மட்டுமே. காடும் ஆறும் புல்வெளியுமே வயல். 'விலங்குகள்தாம் அங்கே பத்திரமாக இருக்கின்றனவே' என்ற மனநிறைவு காட்டை இழப்பதற்கு நம்மைப் பழக்கிவிடுமானால், அச்சாலை இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

பார்ப்பது கற்பதாகுமா?

இனி இரண்டாவது சமாதானமாகிய கல்வியைப் பார்ப்போம். கண்ணால் கண்டால் அறிவு வரும், அறிவு வந்தால் அன்பு வரும் என்பது பொதுவான நம்பிக்கை. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1906-ஆம் ஆண்டு செப்டம்பரில், நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில், காங்கோ நாட்டைச் சேர்ந்த ஓட்டா பெங்கா என்ற இளைஞர் குரங்குகளின் கூடத்தில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்டார். ஆயிரக்கணக்கான மக்கள் வந்து பார்த்தனர், சிரித்தனர். கறுப்பினப் போதகர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அக்கொடுமை முடிவுக்கு வந்தது. ஓட்டா பெங்கா 1916-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரைக் காட்சிக்கு வைக்க அனுமதித்த இயக்குநர் வில்லியம் ஹார்னடே, அடுத்த ஆண்டே, அழியும் நிலையிலிருந்த அமெரிக்கக் காட்டெருமைகள் பதினைந்தை ஓக்லஹோமாப் புல்வெளிக்கு அனுப்பி அவ்வினம் மீளத் துணை நின்றவர்!

ஒரே நிறுவனம், ஒரே மனிதர், ஓராண்டு இடைவெளி. ஓர் இனத்தைக் காக்கும் திறமை இருந்தும், எதிரில் நிற்கும் ஓர் உயிரைச் சரியாகப் பார்க்கத் தெரியாமல் போகலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கம்பியின் ஒரு பக்கம் நிற்பவன் மறுபக்கம் இருப்பதைத் தன்னிலும் தாழ்ந்ததாக எண்ணுவது எளிது. இடமே அவ்வாறு அமைந்துள்ளது. அவ்வெண்ணத்தை மாற்றும் முயற்சி இல்லாவிடில், மிருகக்காட்சி சாலை கற்பிப்பது விலங்கியலை அன்று, ஆணவத்தையே.

நம் சாலைகளில் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். உறங்கும் சிங்கத்தை எழுப்பக் கூச்சலிடுகின்றனர். குரங்கை நோக்கிக் கடலையை வீசுகின்றனர். சிலர் கல்லையும் வீசுகின்றனர். விலங்குகளைச் சீண்டுவதும், உணவளிப்பதும், ஓசையெழுப்பித் தொல்லை தருவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். ஆனால் தந்தையே கூச்சலிடும்போது குழந்தை எதைக் கற்கும்?

அதே இடத்தில் நல்ல கல்வியும் நிகழ முடியும். 1892-இல் தொடங்கப்பட்ட மைசூர் மிருகக்காட்சி சாலையில் விலங்குகளைத் 'தத்தெடுக்கும்' திட்டம் உள்ளது. விரும்பிய விலங்கின் உணவுச் செலவைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒருவர் ஏற்கலாம். அதனால் அவ்விலங்கின்மீது அவருக்கு எந்த உரிமையும் வராது; அதைத் தொடவும் முடியாது. திரும்பப் பெறுவதை எதிர்பாராமல் ஓர் உயிருக்குக் கொடுப்பது, தன் சேமிப்பிலிருந்து கொடுக்கும் ஒரு சிறுவனுக்கு எத்தனை பாடப்புத்தகங்களாலும் தர முடியாத கல்வியாகும்.

மூடிவிடலாமா?

இவ்வளவு குறைகள் இருந்தால் எல்லாவற்றையும் மூடிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். இரக்கத்திலிருந்து பிறந்த கேள்வி அது, மதிக்கத்தக்கது. ஆயினும் கதவைத் திறந்துவிடுவது எப்போதும் விடுதலை ஆகாது.

சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றைச் சர்க்கஸில் பயன்படுத்துவதை 1998-இல் மத்திய அரசு தடை செய்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அத்தடையை உறுதி செய்தது. அதன்பின் நூற்றுக்கணக்கான சிங்கங்களும் புலிகளும் சர்க்கஸ் கூடாரங்களிலிருந்து மீட்கப்பட்டன. பிறந்தது முதல் சாட்டைக்கு அஞ்சி வாழ்ந்த அவற்றுக்கு வேட்டையாடத் தெரியாது; அவற்றை ஏற்கும் காடும் இல்லை. பெங்களூரு பன்னேர்கட்டா, விசாகப்பட்டினம், திருப்பதி முதலிய இடங்களில் காட்சிசாலைகளை ஒட்டி அமைக்கப்பட்ட மீட்பு இல்லங்களே அவற்றுக்குப் புகலிடமாயின. அவை அங்கே இனப்பெருக்கம் செய்ய விடப்படாமல், இறுதிவரை அமைதியாக வாழ வழி செய்யப்பட்டது.

ஆகவே கூண்டு ஒன்றுதான். அதன் பொருள் பல. அது சிறையாகலாம், மருத்துவமனையாகலாம், முதியோர் இல்லமாகலாம், விதைக்களஞ்சியமும் ஆகலாம். எது எதுவாகிறது என்பதை நிர்ணயிப்பது கம்பி அன்று. கம்பியை அமைத்தவனின் எண்ணமும் உழைப்புமே.

சில உயிர்களுக்கு எந்தக் கூண்டும் பொருந்தாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யானைகளைக் காட்சிசாலைகளிலிருந்து அகற்றி, விசாலமான வனமுகாம்களுக்கு மாற்ற வேண்டும் என்று மத்திய மிருகக்காட்சி சாலை ஆணையம் 2009-இல் உத்தரவிட்டது. நாள்தோறும் நெடுந்தூரம் நடந்து, கூட்டமாக உறவாடி வாழும் விலங்கைச் சிறு வளாகத்தில் தனித்து நிறுத்தினால் அது நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். பார்ப்பவர் அதை நடனம் என்று எண்ணிக் கைதட்டுகின்றனர். உண்மையில் அது மனவேதனையின் அறிகுறி. அவ்வுத்தரவு இன்னும் எல்லா இடங்களிலும் முழுமையாக நிறைவேறவில்லை.

தியாகம் அன்று, கடன்

இப்போது அடிப்படைக் கேள்விக்கு வருவோம். ஓர் இனம் முழுவதும் பிழைப்பதற்காக அவ்வினத்தைச் சேர்ந்த சிலவற்றின் சுதந்திரத்தைப் பறிக்கலாமா? பலரின் நன்மைக்காக ஒருவர் தம்மை இழப்பது உயர்ந்தது என்று நம் மரபு போற்றுகிறது. அதனால், 'கூண்டிலுள்ள விலங்கு தன் இனத்துக்காகத் தியாகம் செய்கிறது' என்று சிலர் அழகாகக் கூறுவதுண்டு.

இச்சொல்லில் ஒரு பிழை இருக்கிறது. தியாகம் என்பது தானே முன்வந்து தருவது. ஒருவரிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டதை அவர் செய்த தியாகம் என்று கூற முடியாது. மானஸ் காட்டின் ஆறு பன்றிகளும் சம்மதம் தெரிவிக்கவில்லை. 'இனம்' என்பது நம் அறிவு வகுத்துக்கொண்ட சொல். இனத்துக்குப் பசிப்பதில்லை, வலிப்பதில்லை. பசியும் வலியும் தனிமையும் கூண்டிலுள்ள அந்த ஓர் உயிருக்கே. மேலும், அவ்வினம் அழியும் நிலைக்கு வந்ததற்குக் காரணமும் பெரும்பாலும் அவ்வுயிர் அன்று; நாமே.

அப்படியானால் இதன் சரியான பெயர் என்ன? கடன். அவ்வுயிரிடமிருந்து அதன் வானத்தையும் நிலத்தையும் நாம் கடனாக வாங்கியிருக்கிறோம். கடன் வாங்குவது பாவமன்று. தேவை நேரும்போது வாங்கத்தான் வேண்டும். வாங்கியதை மறந்துவிடுவதே பாவம்.

இக்கடனைத் திருப்பிச் செலுத்த மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, அந்த உயிருக்கே செலுத்துவது. பசி, தாகம், நோய், அச்சம் ஆகியவற்றிலிருந்தும், தன் இயல்புப்படி நடக்க முடியாத நிலையிலிருந்தும் விலங்குகளுக்கு விடுதலை வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியது. உணவைத் தட்டில் வைக்காமல் தேடிக் கண்டுபிடிக்கும்படி ஒளித்து வைப்பது, பார்வையாளரின் கண்ணில் படாமல் ஒதுங்க மறைவிடம் அமைப்பது போன்ற சிறு செயல்களும் இதில் அடங்கும். இரண்டாவது, அதன் இனத்துக்குச் செலுத்துவது. அதாவது, இனத்தின் வீடாகிய காட்டைக் காப்பது. மூன்றாவது, பார்வையாளராகிய நாம் செலுத்துவது. அவ்வுயிரைக் கண்ட பிறகு நம் வாழ்க்கை முறையில் ஏதேனும் ஒன்றையாவது மாற்றிக்கொள்வதே அது.

இம்மூன்றும் நடைபெறும் சாலைக்கு நியாயம் உண்டு. மூன்றில் எதுவும் நடைபெறாத இடம், எவ்வளவு பசுமையாக அலங்கரிக்கப்பட்டிருந்தாலும், சிறைச்சாலையே.

நாம் செய்யக் கூடியது

அடுத்த முறை மிருகக்காட்சி சாலைக்குச் செல்பவர்கள், ஒரே நாளில் எல்லா விலங்குகளையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று விரையாதிருக்கலாம். ஏதேனும் ஒரு விலங்கின் முன் அரைமணி நேரம் அமைதியாக நிற்கலாம். அது உறங்கினால் உறங்கட்டும்; மறைந்திருந்தால் மறைந்திருக்கட்டும். அது நமக்குக் காட்சி தரக் கடமைப்பட்டதன்று. பெயர்ப்பலகையில் அதன் பெயரைப் படித்ததோடு நின்றுவிடாமல், அதன் வீடு எங்கே இருக்கிறது, அவ்வீடு இன்று எந்த நிலையில் உள்ளது என்று குழந்தைகளுடன் சேர்ந்து தேடி அறியலாம். கூட்டம் இல்லாத கூண்டின் முன்பும், பெயர் தெரியாத சிறு உயிரின் முன்பும் சற்று நேரம் நிற்கலாம். யாரேனும் கல்லெறிந்தால் பணிவுடன் தடுக்கலாம்.

வீடு திரும்பிய பின் செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். மணல் அள்ளப்படும் ஆறும், குப்பை கொட்டப்படும் ஏரியும் நம் ஊரிலேயே இருக்கின்றன. கரியலின் கதை சம்பல் ஆற்றோடு முடிந்துவிடுவதன்று. நம் ஏரிக்கரையில் முட்டையிடும் ஆமைக்கும், நம் தெருவோர மரத்தில் கூடு கட்டும் பறவைக்கும் கூண்டு தேவைப்படாத நிலையை நாம் பாதுகாத்தால், அதுவே நாம் செலுத்தும் முதல் தவணை.